ஆறாம் மாடித் துணிக்கொடி

துறைமுக வாசலில் காத்திருந்த கூட்டத்தில் எல்லோரும் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சௌந்தரம் அக்கா மட்டும் இடது கையை ஆட்டினாள். வலது கை, முந்தானையைப் பிடித்திருப்பதுபோல், உடம்போடு ஒட்டியே இருந்தது. ஊரில் காதால் கேட்டதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அவளோ நான் அருகில் போனதும் கேட்ட முதல் கேள்வி, "கப்பல்ல சோறு எப்படிடி? வாந்தி எடுத்தியா?" என்பதுதான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை அது. நான் அப்போது பட்டுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. அக்கா கல்யாணமான சூட்டோடு சிங்கப்பூர் போனவள். அத்தான் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் போவதற்குச் சில வருஷம் முன்பு காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அதற்கப்புறம் ஒருநாள் அக்கா சந்தையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் தோளுக்கு மேலே வர மறுத்தது.

இதையெல்லாம் ஊருக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சொன்னார். "ஒரு சேலையக் காயப்போடுறதுக்கு சௌந்தரம் ஆள் தேடிக்கிட்டு நிக்குது" என்றார். அண்ணன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எழுந்து கை கழுவும்போது என்னிடம், "லீவு விட்டதும் நீ போ. கையோட அவளக் கூட்டிக்கிட்டு வா" என்றார். நான் அதற்காகத்தான் வந்தேன். சேலை காயப்போட எதற்கு ஆள் என்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

துறைமுகத்திலிருந்து அனுமதி இல்லாமல் ஓடும் ஒரு வாடகைக் காரில் ஏறினோம். ஊரே அதைப் பைரட் டாக்சி என்று கூப்பிட்டது. பஸ் மாதிரி வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டே போகும். முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெரியவர், பின்னால் நாங்கள் இருவர், எங்களோடு மடியில் உயிருள்ள வாத்தைக் கூடையில் வைத்திருந்த ஒரு சீனப் பெண்மணி. பாதி வழியில் மழை பிடித்தது. நம் ஊர் மழை முதலில் தூறும், யோசிக்கும், பிறகு பெய்யும். அங்கே அண்டாவைக் கவிழ்த்ததுபோல் ஒரே கொட்டு. கார் நின்றுவிட்டது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அக்கா ஒற்றைக் கையால் தள்ளினாள். வாத்து மட்டும் உள்ளே உட்கார்ந்து வந்தது.

"இதெல்லாம் இங்க சகஜம் லா" என்றாள் அக்கா. அந்த ஊர்க்காரர்கள் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வை அவள் வாயில் முதல்முறையாக அப்போதுதான் கேட்டேன்.

அவள் வீடு ஒரு புதுக் குடியிருப்பில் ஆறாவது மாடி. அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஓரறை வீடு. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. நின்ற இடத்தில் இறங்கி மீதிக்கு ஏற வேண்டும். நீளத் தாழ்வாரத்தில் வரிசையாகக் கதவுகள். ஒரு கதவைத் தாண்டினால் ஊதுபத்தி, அடுத்ததைத் தாண்டினால் பெலாச்சான் என்ற இறால் விழுதை வதக்கும் நெடி, அதற்கடுத்து நம் சாம்பார். அக்கா கதவைத் திறந்ததும் வேறொரு வாடை வந்தது. காயாத துணியின் வாடை.

அறைக்குள் குறுக்கே நெஞ்சளவு உயரத்தில் கயிறு கட்டி அதில் சேலைகள் தொங்கின. குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. கட்டில், அத்தானின் படம், அடுப்பு எல்லாமே ஈரச் சேலைகளுக்கு நடுவே தெரிந்தன.

"வெளிய காயப்போடலையா?" என்றேன்.

அவள் சமையலறை ஜன்னலைக் காட்டினாள். எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே நீட்டிக்கொண்டு மூங்கில் கம்புகள், அவற்றில் கோத்த சட்டைகள், சரோங்குகள், குழந்தைத் துணிகள். ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்த குழாய்கள் இருக்கும். துணியைக் கம்பில் கோத்து, ஈரப் பாரத்தோடு கம்பைத் தூக்கி வெளியே நீட்டி, அதன் அடியை அந்தக் குழாய்க்குள் செருக வேண்டும். இரண்டு கையும் வேண்டும், தோளில் பலமும் வேண்டும். எதிரே ஒரு பெண் வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு, பேனாவுக்கு மூடி போடுவதுபோல் அதைச் செய்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஒருநாள் நானே தூக்கிப் பாத்தேன்" என்றாள் அக்கா. "கம்பு நழுவி கீழ போயிடுச்சு. கீழ ஒரு ஆள் சைக்கிளத் துடைச்சிக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல விழுந்துச்சு. அதுலேர்ந்து நான் அந்த ஜன்னல்கிட்டயே போறதில்ல."

கொஞ்சநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து கம்பை மாட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறவள். தினமும் கதவைத் தட்டக் கூச்சப்பட்டு அக்கா நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலையில் நாங்கள் ரொட்டியில் காயா என்ற தேங்காய்ப்பால் முட்டை ஜாமைத் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் ராஜன், இரண்டாவது மாடிக்காரர் மகன். சிங்கப்பூரிலேயே பிறந்தவன். மற்றவன் அவனுடைய வகுப்புத் தோழன் டான், ஒல்லியான சீனப் பையன், கண்ணாடி போட்டவன். இருவரும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தார்கள். அளவு நாடாவும் கையுமாக வந்திருந்தார்கள்.

"டீச்சர், நாங்க அக்காவுக்கு ஒண்ணு செய்யறோம்" என்றான் ராஜன். விஷயத்தைச் சொன்னான். அவர்களுடைய விரிவுரையாளர் வகுப்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே மாதிரி வேலை கொடுத்திருந்தார். தெரிந்த யாராவது ஒருவர் வீட்டில் தினமும் படுகிற ஒரு சிரமத்தைக் கண்டுபிடி, அது தீர ஏதாவது வடிவமைத்துச் செய், அந்த ஆளே அதை உபயோகிக்க வேண்டும். கம்பு விழுந்த அன்று ராஜன்தான் அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தவன்.

டான் ஜன்னலை அளப்பான் என்று நினைத்தேன். அவன் அக்காவை அளந்தான். வலது கை எவ்வளவு உயரும், இடது கையால் எவ்வளவு பாரம் இழுக்க முடியும், நின்றபடி எட்டுவது எவ்வளவு. அவளும் அவனும் சந்தை மலாயில் பேசிக்கொண்டார்கள்.

"சட்டை தைக்கப் போறியான்னு கேக்குறேன், சிரிக்க மாட்டேங்குறான்" என்றாள் அக்கா என்னிடம்.

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "தம்பி, அக்கா என்கூட ஊருக்கு வர்றாங்க. நீங்க வேற வீடு பாத்துக்குங்க" என்றேன்.

நாடா சுருண்டு தரையில் விழுந்தது. ராஜன் அக்காவைப் பார்த்தான். "போறீங்களா அக்கா?"

அக்கா, "மீ சியாம் இருக்கு, சாப்பிடுங்க" என்று தட்டு எடுக்கப் போய்விட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடையில் காலை வேளையில் சமைத்துக் கொடுப்பவள். புளியும் மிளகாயும் தூக்கலாக அவள் செய்யும் அந்தச் சேமியாவை அப்புறம் எங்கும் நான் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் டான் நாடாவை எடுத்து, மீதி அளவுகளையும் குறித்துக்கொண்டான்.

அடுத்த சில நாள் அக்கா என்னைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனாள். தேக்கா சந்தையில் மீன் கழுவிய தண்ணீருக்கு நடுவே முருங்கைக்காய் வாங்கினோம். விழுந்த இடத்தை அவள் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. மசாலா அரைக்கும் மெஷின் கடை, தங்க நகைக் கடை, வாழையிலையில் சாப்பாடு போடும் கடை, எல்லா இடத்திலும் அவளுக்கு ஆள் தெரிந்திருந்தது. "என்ன சௌந்தரம்மா, தங்கச்சியா? ஜாடை அப்படியே இருக்கு" என்று கேட்டு, பூக்காரர் எனக்கும் ஒரு முழம் மல்லிகையைக் கொடுத்தார். பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் எத்தனையோ வருஷம் நடக்கிறேன், என்னைக் கூப்பிட்டு விசாரித்தது என் மாணவிகளின் அப்பாக்கள் மட்டும்தான். அவர்களும் 'டீச்சரம்மா' என்பார்கள்.

ஒரு மாலைக்குள் அவளோடு பேசினவர்களில் பாதிப் பேருக்கு நம் மொழி தெரியாது. அவள் கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம், மிச்சத்துக்குத் தலையாட்டல் என்று சமாளித்தாள். இந்தியன் ரோஜாக் என்று வடையும் கிழங்கும் வெட்டிப் போட்டு விற்ற முஸ்லிம் பாய், அவளைக் கேட்காமலே உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டு வடையை அதிகம் வைத்தார். "அவங்களுக்கு உருளைக்கெழங்கு ஆகாதும்மா" என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

சனிக்கிழமை பையன்கள் சாமானோடு வந்தார்கள். இரும்புப் பட்டைகளால் செய்த ஒரு தொட்டில் மாதிரி இருந்தது. அதை ஜன்னல் அடியில் பொருத்தினார்கள். கம்பைத் தொட்டிலில் வைத்துத் துணி கோத்துவிட்டு, பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால், உருளைகளின் மேல் கம்பு தானாக வெளியே போகும். ராஜன் காய்ந்த துண்டுகளைப் போட்டுச் சுற்றினான். அழகாகப் போயிற்று, அழகாகத் திரும்பி வந்தது. அக்காவும் இடது கையால் சுற்றினாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குச் சங்கடமாக இருந்தது.

டான் ஏதோ முணுமுணுத்தான். ஈரத் துணியில் பார்க்க வேண்டும் என்கிறான் என்றான் ராஜன். அக்கா வாளியிலிருந்து மூன்று நூல் சேலைகளைப் பிழிந்தும் பிழியாமலும் எடுத்துக் கொடுத்தாள். கைப்பிடி சுற்றிற்று. கம்பு பாதி தூரம் வெளியே போனதும் 'கிறீச்' என்று ஒரு சத்தம். இரும்புப் பட்டை வளைந்து, கம்பு தலை குனிந்து நின்றது. வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. ஆறு மாடிக்குக் கீழே ஆட்கள் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ராஜன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டான். டான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். நான் டானின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவழியாகக் கம்பு உள்ளே வந்தது. ஒரு சேலை வரவில்லை.

சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஐந்தாவது மாடிச் சீன அம்மாள், கையில் அந்தச் சேலை. அவருடைய துணிகளின் மேல் விழுந்திருக்கிறது. படபடவென்று ஹொக்கியன் என்ற அவர்கள் சீன மொழியில் பேசினார். டான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். திட்டு வாங்குகிறான் என்று நினைத்தேன். அவர் போனபிறகு டான் ஆங்கிலத்தில் சொன்னான்: "அவர் மாமியாருக்குக் கை நடுங்குமாம். கம்பைத் தூக்க முடியாமல் உட்கார்ந்து அழுகிறாராம். இது சரியாக வேலை செய்தால் தங்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமாம்."

பையன்கள் வளைந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே பேச்சை எடுத்தேன். "இவங்களும் முயற்சி பண்ணிப் பாத்துட்டாங்க. போதும்க்கா. ஊருக்கு வா. அங்க கொல்லையில கிணறு இருக்கு, வெயில் இருக்கு. கம்பைத் தூக்கற வேலையே இல்ல."

"அங்க கொடி எந்த உசரத்துல இருக்கு?"

யோசித்தேன். மாட்டுக்கு எட்டாமல் இருக்க அண்ணன் உயரத்தில்தான் கட்டியிருந்தது. "அண்ணி போட்டுக் குடுப்பாங்க" என்றேன்.

"அதத்தான் கேக்குறேன்" என்றாள் அக்கா. "இங்க பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கேக்கவே எனக்கு நாக்கு எழல. அவ யாரோ. அங்க தினம் விடிஞ்சா அண்ணிகிட்ட நிக்கணும். தலை பின்ன, சேலை காய, எல்லாத்துக்கும். அவ நல்லவதான். நல்லவகிட்ட எத்தன வருஷம் கேப்பே?"

"அண்ணன் உன்ன நெனச்சு சாப்பிடாம இருக்காரு."

"தெரியும்டி. எனக்கும் ஊரு ஞாபகம் வராமலா இருக்கு? ஆனா எனக்குன்னு ஒரு சாவி இருக்கு பாரு, அத எடுத்துத் தொறந்து உள்ள வர்ற சுகம் அங்க இல்ல." இருமிவிட்டு, "ஈரத்துணி வாடையில தூங்கித் தூங்கி இருமலும் வந்துடுச்சு. அதையும் பொய் சொல்ல மாட்டேன். இந்தப் புள்ளைங்க செய்யறது பலிக்கலேன்னா நான் உன்கூட வந்துடுறேன்" என்றாள்.

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அரிசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெகுநேரம் அந்த ஜன்னல் பக்கம் நின்றேன்.

திங்கட்கிழமை நானே இரண்டாவது மாடிக்குப் போய் ராஜனைப் பார்த்தேன். அவன் வேறு வீடு தேடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். "எனக்குக் கப்பி பத்திக் கொஞ்சம் தெரியும். வகுப்புல நடத்துறேன்" என்றேன். அவன் என்னை நம்பாமல் பார்த்தான். "நீங்க அக்காவக் கூட்டிட்டுப் போக வந்தவங்கதானே?"

"ஆமா" என்றேன். "அவங்களா வந்தா கூட்டிட்டுப் போறேன். வேற வழி இல்லாம வரவேணாம்."

மூன்று பேரும் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனோம். கால்வாய் ஓரம் சாக்கு விரித்து, உலகத்தில் உடைந்ததெல்லாம் அங்கே கிடந்தது. ராணுவ பூட்ஸ், ஒற்றைச் செருப்பு, முள் இல்லாத கடிகாரம். போகும்போது தப்பான பஸ்ஸில் ஏறி, ஊரின் மறுகோடிக்குப் போய்த் திரும்பினோம். ராஜன் அது என்னால் என்றான், நான் அவனால் என்றேன். டான் வழி முழுக்கப் பேசவில்லை.

வெயிலுக்கு ஒரு சரபத் கடையில் ஒதுங்கினோம். சரபத் என்று பெயர், கிடைத்தது இஞ்சி போட்ட சூடான பால் டீ. கடைக்காரர் பின்னால் சரக்கு வைக்கும் இடத்தை ஒரு திரைச்சீலையால் மறைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் விரலால் அதைத் தள்ளுவார். வளையங்கள் கம்பியில் ஓடி, திரை ஒதுங்கும். டான் தம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதல்முறையாக, மலாயில் உரக்கப் பேசினான். ராஜன் எனக்குத் தமிழில் சொன்னான்: "கம்பு எதுக்கு வெளிய போகணும்? கம்பு அங்கயே இருக்கட்டும், துணி போனாப் போதும்கிறான்."

டீ ஆறும்வரை மேஜையில் விரலால் படம் போட்டோம். திரைக்கு ஓடுவதுபோல் வளையங்கள் ஓட வேண்டும்; மூங்கில் என்றால் கணுவில் மாட்டிக்கொள்ளும், அதனால் அதற்குப் பதில் துருப்பிடிக்காத குழாய். முனையில் ஒரு சிறு கப்பி. அதைச் சுற்றி வந்த கயிறு. முதல் வளையம் கயிற்றோடு கட்டியிருக்கும். கயிற்றின் ஒரு பக்கத்தை இழுத்தால் துணி வெளியே, மறுபக்கத்தை இழுத்தால் உள்ளே. ஜன்னலுக்கு உள்ளேயே நின்று, இடுப்பளவு உயரத்தில் வளையங்களில் துணியைக் கிளிப் போட்டுக்கொள்ளலாம். பித்தளை வளையங்களை அந்தச் சந்தையிலேயே ஒரு கிழவரிடம் பொறுக்கினோம். கப்பி ஏதோ படகிலிருந்து கழற்றியது.

அந்த வாரம் முழுக்க மாலைகளில் பையன்கள் கல்லூரிப் பட்டறையில் இருந்தார்கள். பிறகு வந்து மாட்டினார்கள். அக்கா வாளி நிறைய ஈரச் சேலையோடு நின்றாள். இந்தத் தடவை யாரும் காய்ந்த துணி போட்டுப் பார்க்கவில்லை. அக்கா கிளிப் மாட்டி, இடது கையால் கயிற்றை இழுத்தாள். சேலை மடிப்பு மடிப்பாக விரிந்து வெளியே போயிற்று. வெளியே வெயில் இருந்தது. இன்னொன்றையும் போட்டாள், இன்னொன்றையும். வாளி காலியானதும் என்னுடைய சேலையைக் கொண்டுவரச் சொன்னாள். உலர்ந்துபோன அந்தச் சேலையைக் குழாயடியில் நனைத்து, அதையும் காயப்போட்டாள்.

பிறகு அறைக்குள் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். அன்றுதான் அந்த அறை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிந்தது.

கல்லூரியில் எல்லோருடைய வேலையையும் ஒரு கூடத்தில் வைத்திருந்தார்கள். அக்காவும் நானும் போனோம். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். தள்ளுவண்டிக்காரர் குழாயைத் தொடாமலே காலால் மிதித்துத் தம்ளர் கழுவும் தண்ணீர்த் தொட்டி, ஓரறை வீட்டில் பகலில் மடக்கிவிடும் தொட்டில், பார்வை மங்கியவர்களுக்கு மாடி எண்ணைத் தடவிப் பார்க்கும் பலகை. யாரோ ஒரு மாணவனின் தாத்தா, ஒருத்தியின் பக்கத்து வீட்டுக்காரி என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மனிதர் வெட்கத்தோடு நின்றுகொண்டிருந்தார். படிக்கிற பிள்ளைகளைச் சுற்றி அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் பள்ளிக் கண்காட்சியில் நாங்கள் எரிமலைதான் செய்வோம்.

வெள்ளைக்கார விரிவுரையாளர் ஒருவர் வந்தார். மரச் சட்டத்தில் பொருத்திய மாதிரியில் அக்கா துணியை ஓட்டிக் காட்டினாள். "இதில் ஏதாவது குறை இருக்கிறதா, அம்மா?" என்று அவர் கேட்டதை ராஜன் தயக்கத்தோடு மொழிபெயர்த்தான்.

"இருக்கு" என்றாள் அக்கா. ராஜன் முகம் வெளுத்தது. "கயிறு ஈரமான கைய அறுக்குது. பெரிய காத்தடிச்சா சேலை குழாயில சுத்திக்குது. கீழ்வீட்டம்மா மாமியாருக்குச் செய்யறப்ப அத சரி பண்ணிக் குடுங்க. எனக்குப் பொறவு செஞ்சாப் போதும்."

ராஜன் ஒன்றுவிடாமல் சொன்னான். விரிவுரையாளர் வெகுநேரம் கயிற்றைத் தடவிப் பார்த்தார். முதல் பரிசு தண்ணீர்த் தொட்டிக்குப் போயிற்று. பையன்களுக்கு இரண்டாவதுகூடக் கிடைக்கவில்லை. வரும்போது அக்கா அவர்களுக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். டான் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கத் தெரியாமல் முழங்கை வரை வழியவிட்டான். அன்றுதான் அவன் சிரித்து நான் பார்த்தேன்.

நான் தனியாகத்தான் ஊர் திரும்பினேன். இப்போது அந்தக் கட்டடம் இருக்கிறதா, அந்தத் தாழ்வாரத்து வாடைகள் இருக்கின்றனவா, எனக்குத் தெரியாது. பிறகு ஒரே ஒரு தடவை போகும் வாய்ப்பு வந்தது, தவறிவிட்டது. அக்கா அந்த வீட்டில் தன் சாவியோடு வெகுகாலம் இருந்தாள்.

பட்டுக்கோட்டையில் அண்ணன் வாசலில் நின்றார். என் பின்னால் யாரும் இறங்காததைப் பார்த்துவிட்டு, என் பெட்டியை வாங்காமல் உள்ளே போய்விட்டார். நான் கூடத்தில் உட்கார்ந்து குழாய், வளையம், கப்பி என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. "ஒரு கயித்துக்காக அவள அங்க விட்டுட்டு வந்தியா" என்று மட்டும் கேட்டார்.

கொல்லையில் அண்ணி துணி அலசிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போனதும் ஒரு வேட்டியின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள். இருவருமாக முறுக்கிப் பிழிந்தோம்.

"ஒத்தக் கையால இழுத்தா வருதா?" என்றாள்.

"வருது அண்ணி. சுலபமா வருது."

அவள் வேட்டியை உதறினாள். "அப்ப சரி" என்றாள்.